பட்ஜெட் ஓட்டெடுப்பில் நம் எம்.பி. என்ன செய்ய வேண்டும்? நான்கு வழிகளும் மலைக்காரர்களின் கணக்கும்

போன மாதம் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், சிறு தேயிலை விவசாயிகள் கூடினோம். எம்.பி.க்கு மனு எழுதுவதுதான் வேலை. படுக மொழியில் தொடங்கிய பேச்சு, கூடலூரிலிருந்து வந்திருந்தவர்களுக்காகத் தமிழுக்கு மாறியது. மூன்று பத்தி வரை சண்டையில்லை: பசுந்தேயிலைக்கு விலை, உர மானியம், காட்டெருமை மிதித்த தோட்டத்துக்கு இழப்பீடு. நான்காவது பத்தியில் சிக்கிக்கொண்டோம்.

"பட்ஜெட்ல நமக்கு ஒண்ணும் இல்லைன்னா எதிர்த்து ஓட்டுப் போடச் சொல்லுங்க" என்றார் ஒருவர். "ஓட்டுப் போட்டா யாருக்குத் தெரியும்ணே, வெளிநடப்பு செஞ்சாத்தான் டி.வி.யில வரும்" என்றான் ஒரு தம்பி. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியவர், "சண்டை எதுக்குப்பா, அவங்ககிட்டயே பேசி ஏதாவது வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார்.

பத்தி எழுதப்படாமலே கூட்டம் கலைந்தது. அதன் பிறகு குன்னூரிலிருந்தும் பந்தலூரிலிருந்தும் தெரிந்தவர்கள் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். பட்ஜெட் வந்தால் கட்சிகள் காய் நகர்த்தும். ஒவ்வொரு நகர்த்தலும் மக்களுக்காக என்றுதான் சொல்லப்படும். எது உண்மையில் நம் தோட்டம் வரை வந்து சேரும் என்று பார்க்கத்தான் இந்த ஒப்பீடு.

எதை வைத்து அளப்பது

நான் நான்கு கேள்விகள் வைத்துக்கொள்கிறேன். பணம் அசையுமா? பதிவில் நிற்குமா, அதாவது ஐந்து வருடம் கழித்து எடுத்துக் காட்ட முடியுமா? நம் மலையின் பெயர் அவையில் ஒலிக்குமா? இதற்கு மறைமுகமாக யார் என்ன விலை கொடுக்கிறார்கள்?

அதற்கு முன்னால் சட்டம் போட்டிருக்கும் வேலியைப் பார்த்துவிட வேண்டும். அரசியல் சட்டத்தின் 113-ஆவது பிரிவுப்படி, ஒரு துறையின் மானியக் கோரிக்கையை, அதாவது அந்த வருடச் செலவுக்கு அது கேட்கும் பணத்தை, மக்களவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது. எல்லா மானியங்களையும் சேர்த்து வரும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் தொகையையோ, அது போய்ச் சேரும் இடத்தையோ மாற்றித் திருத்தம் கொடுக்க 114-ஆவது பிரிவு விடாது. ஆக, 'பட்ஜெட்டில் நீலகிரியையும் சேர்க்கத் திருத்தம் கொடுங்கள்' என்று மனு எழுதினால், சட்டப்படி எம்.பி.யால் செய்யவே முடியாத ஒன்றைக் கேட்கிறோம். பல வருடங்களாக நாம் கேட்டது அதைத்தான்.

2021-22 பட்ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தொழிலாளர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், 1,000 கோடி ரூபாய் என்று நிதியமைச்சர் அறிவித்தார். அசாமுக்கும் மேற்கு வங்கத்துக்கும் மட்டும். நீலகிரியிலும் வால்பாறையிலும் கொழுந்து பறிக்கும் பெண்களின் விரலும் அதே பனியில்தான் விறைக்கிறது. அந்த வரியில் 'தமிழ்நாடு' என்று ஒரு சொல்லைச் சேர்க்க எந்த எம்.பி.க்கும் அதிகாரமில்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்கும் அதிகாரம் மட்டும் உண்டு. அந்தக் கேள்விக்கு எந்த வழி இடம் கொடுக்கிறது என்பதில்தான் என் கவனமெல்லாம்.

இன்னொரு வேலி, கொறடா உத்தரவு. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கட்சி சொன்னதை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ பதவி போகலாம். அதனால் 'கட்சியைப் பார்க்காமல் மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்' என்று எம்.பி.யிடம் சொல்வது பேச்சுக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். மனுவின் ஒரு நகல் கட்சித் தலைமைக்கும் போக வேண்டும்.

வழி ஒன்று: எதிர்த்து வாக்களிப்பது

அமெரிக்காவில் செலவு மசோதா நிறைவேறாவிட்டால் அரசு அலுவலகங்கள் பூட்டப்படும், ஆட்சி அப்படியே இருக்கும். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அப்படி நடந்தது. அங்கே எதிர்க்கட்சிக்குப் பூட்டை ஆட்டிப் பேரம் பேச முடிகிறது. இங்கே நிதி மசோதாவில் தோற்றால் ஆட்சியே போய்விடும். அதனால் ஆளுங்கட்சி ஒரு உறுப்பினரைக்கூட நழுவ விடாது, கூட்டணிக் கட்சியும் அதில் விளையாடாது.

2010 ஏப்ரல் 27-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் விலை, உர விலை உயர்வை எதிர்த்து எதிர்க்கட்சிகள் மக்களவையில் வெட்டுத் தீர்மானம் (துறை கேட்கும் பணத்தைக் குறைக்கச் சொல்லும் தீர்மானம்) கொண்டுவந்து வாக்கெடுப்பு வரை போனார்கள். ஆதரவு 201, எதிர்ப்பு 289. அன்று அரசைக் கடுமையாகப் பேசிய சமாஜ்வாதியும் ராஷ்ட்ரீய ஜனதா தளமும் ஓட்டு நேரத்தில் வெளியே போய்விட்டன. பகுஜன் சமாஜ் அரசுக்குக் கைகொடுத்தது. விலை ஒரு பைசா குறையவில்லை.

ஆனாலும் அந்த ஓட்டெடுப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். யார் எந்தப் பக்கம் நின்றார்கள், யார் நழுவினார்கள் என்பது எண்ணோடு இன்றுவரை இருக்கிறது. நம் இரண்டாவது அளவுகோலில் இந்த வழி நன்றாகவே தேறும்.

மறைமுக விலை என்ன? ஒதுக்கீட்டு மசோதா ஒரே மூட்டை. அதில் நமக்குப் பிடிக்காததும் இருக்கும்; வெலிங்டன் ராணுவ மையத்தின் செலவும், மலை ரயிலின் செலவும், தபால்காரரின் சம்பளமும் இருக்கும். மூட்டையை மொத்தமாக எதிர்த்தால் அடுத்த தேர்தலில் 'மலை ரயிலுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்' என்று சுவரில் எழுதுவார்கள். மாநிலங்களவை உறுப்பினரைக் கேட்பதிலும் பெரிய பயனில்லை. ஒதுக்கீட்டு மசோதா போன்ற பண மசோதாவை அங்கே 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும், பரிந்துரையை மக்களவை ஏற்க வேண்டியதும் இல்லை.

அரசின் பெரும்பான்மை நூலிழையில் தொங்கும்போது இதுவே சிறந்த வழி. 1999 ஏப்ரலில் நம்பிக்கை வாக்கெடுப்பில் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில், 269-க்கு 270 என்று, கவிழ்ந்தது. அப்படிப்பட்ட நாளில் ஒரு தொகுதியின் ஓட்டுக்கு மலையளவு மதிப்பு. மற்ற நாளில் அது பதிவுக்கு மட்டும் உதவும்.

வழி இரண்டு: வெளிநடப்பும் முழக்கமும்

அந்தத் தம்பி சொன்னது பொய்யில்லை, டி.வி.யில் வரும். ஆனால் அதன் விலையை நாம் கொடுக்கிறோம். இந்த இடத்தில் எனக்குக் கோபமே வருகிறது.

மானியக் கோரிக்கைகளுக்கென்று ஒதுக்கிய நாட்களின் கடைசி நாளில், பேசப்படாமல் மிச்சமிருக்கும் எல்லாத் துறைகளின் கோரிக்கைகளையும் சபாநாயகர் மொத்தமாக வாக்குக்கு விடுவார். இதற்குப் பெயர் கில்லட்டின். நல்ல வருடத்திலேயே சில அமைச்சகங்கள்தான் விவாதத்துக்கு வரும். அவை அமளியில் ஓடினால் அதுவும் கிடையாது. 2018 மார்ச்சில் நிதி மசோதாவும் ஒதுக்கீட்டு மசோதாவும் கூச்சலுக்கு நடுவே, விவாதமே இல்லாமல், அரை மணி நேரத்தில் முடிந்தன. 2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவு ஒரு துறையைப் பற்றியும் பேசாமல் நிறைவேறியது. அந்த அமளியில் ஆளுங்கட்சிக்கும் பங்கு, எதிர்க்கட்சிக்கும் பங்கு. அந்த மொத்தத் தொகைக்குள் தேயிலை வாரியத்தின் பணமும் இருந்தது. அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கக்கூட வாசல் இல்லாமல் போயிற்று.

சட்டசபையும் விலக்கல்ல. 1989 மார்ச் 25 அன்று பட்ஜெட் படிக்கப்பட்டபோது நடந்த கலவரம் நம்மில் வயதானவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த பட்ஜெட்டில் எந்தத் துறைக்கு எவ்வளவு என்று ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொரு நுணுக்கம். குரல் வாக்கெடுப்பில் 'ஆம்', 'இல்லை' சத்தம்தான், பெயர்ப்பட்டியல் கிடையாது. ஒருவர் டிவிஷன் கேட்டால்தான் ஒவ்வொரு உறுப்பினரின் ஓட்டும் பதிவாகும். அதைத் தன் இருக்கையில் இருந்து கேட்க வேண்டும். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்களின்போது மாநிலங்களவையில் டிவிஷன் மறுக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணமே அதுதான். முழக்கமிட இருக்கையை விட்டு அவையின் மையப்பகுதியில் நிற்பவர் தன் கையில் இருந்த வலுவான கருவியைத் தானே கீழே வைத்துவிடுகிறார்.

2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த மசோதாவைப் பாருங்கள். அது ஒதுக்கீட்டு மசோதா இல்லை, ஆனால் செலவை யார் சுமப்பது என்பதுதான் அதன் உயிர். பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது. புதியதில் நாள் 125 ஆனது, செலவோ மத்திய அரசுக்கு 60, மாநிலத்துக்கு 40. வடகிழக்குக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் மட்டும் 90-க்கு 10. மலை என்பதால் சலுகை என்றால் தொட்டபெட்டா மலை இல்லையா? சமவெளி அதிகமுள்ள மாநிலத்தில் நாம் மலை மாவட்டமாக இருப்பதால் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. இதைத் தலைப்பாக்கி ஓர் ஓட்டெடுப்பு நடந்து, 543 பேரும் எந்தப் பக்கம் என்று பதிவாகியிருக்க வேண்டும். மக்களவையில் அந்த மசோதா கிழித்தெறிந்த காகிதங்களுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

வெளிநடப்பு சரியாகும் சூழல் ஒன்று உண்டு: பேசி முடித்து, திருத்தம் கொடுத்து, டிவிஷன் கேட்டு, அது மறுக்கப்பட்ட பிறகு வெளியேறுவது. அப்போது வெளியேறுவதற்கே ஒரு காரணம் பதிவில் இருக்கும். பேச வேண்டிய நேரத்துக்கு முன்பே எழுந்து போவதை நம் பெயரால் செய்ய வேண்டாம் என்று மனுவில் எழுதலாம் என்பது என் வாதம்.

வழி மூன்று: பேரம் பேசி ஆதரிப்பது

பெரியவர் சொன்ன வழி. பணம் அசையுமா என்ற கேள்வியில் மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் மதிப்பெண் அதிகம். 2024 தேர்தலில் பா.ஜ.க.வுக்கு 240 இடம். பெரும்பான்மைக்கு 272 வேண்டும். தெலுங்கு தேசத்தின் 16-உம், ஐக்கிய ஜனதா தளத்தின் 12-உம் தேவைப்பட்டன. அந்த ஜூலையில் வந்த பட்ஜெட்டில் ஆந்திரத் தலைநகர் அமராவதிக்கு 15,000 கோடி, பீகார் சாலைகளுக்கு 26,000 கோடி. அடுத்த பிப்ரவரியில் பீகாருக்கு மக்கானா வாரியம். குளத்தில் விளையும் ஒரு விதைக்கு வாரியம் வந்ததில் எனக்குப் பொறாமை இல்லை, அந்த விவசாயியும் நம்மைப் போலத்தான். ஆனால் எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறைமுக விலை இரண்டு. அமராவதிக்கு என்று அறிவித்தது பன்னாட்டு வளர்ச்சி வங்கிகள் வழியாக ஏற்பாடு செய்யும் பணம். 'வாங்கிக்கொடுத்தோம்' என்ற அறிவிப்பைக் கேட்டால், மானியமா, கடனா, எந்தத் துறையின் கணக்கு என்று மூன்று கேள்வி கேளுங்கள். அடுத்தது, பேரம் மூடிய அறைக்குள் நடக்கும். அங்கே நம் கோரிக்கை எப்போது, எதற்காகக் கைவிடப்பட்டது என்பதற்கு எழுத்து எதுவும் இருக்காது. நீலகிரி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் உதகை, குன்னூர், கூடலூர்தான் மலையில். பவானிசாகர், மேட்டுப்பாளையம், அவிநாசி மூன்றும் கீழே. பேரத்தில் எது முதலில் விட்டுக்கொடுக்கப்படும் என்று யோசித்தால் எனக்குக் கலக்கமாகத்தான் இருக்கிறது. கொடைக்கானல் நண்பர்கள் நிலை இன்னும் நெருக்கடி. அவர்கள் பழனி சட்டமன்றத் தொகுதிக்குள்ளேயே அடங்கிவிடுகிறார்கள்.

2024-இல் தமிழ்நாட்டின் 39 இடங்களையும் தி.மு.க. அணியே வென்றது. எதிர்வரிசையில் இருப்பவரிடம் 'பேசி வாங்கிட்டு வாங்க' என்றால் அவரிடம் கொடுத்து வாங்க ஒன்றுமில்லை. ஆகவே டெல்லியைப் பொறுத்தவரை இந்த வழி இப்போது அடைபட்டது. சென்னையில், ஆளும் அணியின் எம்.எல்.ஏ. கிடைத்த தொகுதிக்கு இதுதான் முதல் வழி.

வழி நான்கு: வெட்டுத் தீர்மானம்

பெயரைக் கேட்டால் நம் பணத்தையே வெட்டுவதுபோல் இருக்கும். கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஓர் அக்கா, "இருக்கிறதையும் குறைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மக்களவை விதிகளில் இது மூன்று வகை. கொள்கையையே ஏற்கவில்லை என்றால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வது. செலவு அதிகம் என்றால் குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்வது. மூன்றாவது, அடையாள வெட்டு: கோரிக்கையில் 100 ரூபாய் மட்டும் குறைக்க வேண்டும் என்று சொல்லி, அரசின் பொறுப்புக்குள் வரும் ஒரு குறிப்பிட்ட குறையை அவையின் முன் வைப்பது. நமக்கு வேண்டியது இந்த மூன்றாவது. பணத்தைக் கூட்ட முடியாத உறுப்பினருக்கு, நூறு ரூபாயைக் குறைக்கிறேன் என்று சொல்லி ஒரு குறையைப் பெயர் சொல்லி எழுப்ப விதி கொடுத்திருக்கும் வாசல் இது. தீர்மானம் ஒரே விஷயத்தைப் பற்றி, ஒரே கோரிக்கையைப் பற்றி இருக்க வேண்டும். முந்தைய நாளே நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

பணம் அசையாது, தீர்மானம் தோற்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவையில் விவாதத்துக்கு வந்தால் பதிவில் நிற்கும், 'நீலகிரி' என்ற சொல்லோடு நிற்கும். அமைச்சர் பதிலில் அதைத் தொட்டால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஐந்து வருடம் கேட்கலாம்.

இதன் மறைமுக விலையைக் கொடுக்க வேண்டியது நாம்தான். எந்தக் குறை எந்தத் துறையின் கோரிக்கையில் வரும் என்று நாம் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். ஒரே கொழுந்துக்கு எத்தனை வாசல் பாருங்கள்: தேயிலை வாரியம் மத்திய வணிக அமைச்சகத்தில். கூட்டுறவு ஆலைகளின் இணையமான இன்கோசர்வ் மாநிலத்தின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறையில். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ வனத்துறையில். காட்டெருமை இழப்பீடும் அதே வனத்துறை. மூன்று வருடம் முன்பு ஆலையின் நிலுவைத் தொகைக்காக நான் எழுதிய மனு தவறான துறைக்குப் போய், எட்டு மாதம் கழித்து 'எமக்குத் தொடர்பில்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அந்த எட்டு மாதமும் நான் பதில் வரும் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு ஆபத்து கில்லட்டின். வணிகத் துறை அந்த வருடம் விவாதத்துக்கே வராவிட்டால் நோட்டீஸ் காகிதத்தோடு போயிற்று. அதனால் இந்த வழியை நம்புகிறவர்கள் ஒரு படி முன்னால் தொடங்க வேண்டும். 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கின்றன: மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். பிப்ரவரி 1-இல் பட்ஜெட் வந்த பிறகு வரும் இடைவேளையில் மானியக் கோரிக்கைகளை இவர்கள்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள். அங்கே கேமரா இல்லை, கொறடாவும் இல்லை. கட்சி பார்க்காமல் பேசுவது அங்கேதான் கொஞ்சம் நடக்கிறது. பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்றாலும், என்ன செய்தோம் என்று அரசு எழுதிக் கொடுக்க வேண்டும். வணிகத் துறை நிலைக்குழு 2022-இல் தேயிலைத் தொழிலைப் பற்றி ஓர் அறிக்கையே தந்தது. அதன் தலைப்பில் தனியாகக் குறிப்பிடப்பட்ட இடம் டார்ஜிலிங். டார்ஜிலிங்காரர்கள் அந்தக் கதவைத் தட்டத் தெரிந்தவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மாநில விஷயமென்றால் இந்த வழி இன்னும் எளிது. சட்டசபையில் துறைவாரியாக மானியக் கோரிக்கைகளுக்கு நாள் ஒதுக்கி விவாதம் நடக்கிறது, அமைச்சர் பதிலுரையில் அறிவிப்புகளும் வருகின்றன. இழப்பீடும் கூட்டுறவு ஆலையும் அங்கே போக வேண்டியவை. காட்டெருமை இழப்பீட்டை எம்.பி. மனுவில் எழுதியது எங்கள் தவறு.

எங்கள் ஹட்டியில் முடிவானது

மறுவாரம் மீண்டும் கூடினோம். காட்டெருமைப் பத்தியை எடுத்து எம்.எல்.ஏ.வுக்குத் தனி மனுவாக்கினோம். எதிர்த்து ஓட்டுப் போடுவதா வேண்டாமா என்பதைக் கட்சிக்கே விட்டுவிட்டோம்; பெரும்பான்மை ஆட்டம் காணும் வருடம் வந்தால் அப்போது மறுபடி பேசலாம். நான்காவது பத்தி இப்படி ஆனது:

'வணிகத் துறையின் மானியக் கோரிக்கையில் 100 ரூபாய் குறைக்க வேண்டும் என்று தாங்கள் வெட்டுத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுக்கக் கோருகிறோம். காரணம்: நீலகிரி சிறு விவசாயிகளின் பசுந்தேயிலைக்கு உற்பத்திச் செலவை ஈடுகட்டும் குறைந்தபட்ச விலையை உறுதி செய்யத் தவறியது. துறை விவாதத்துக்கு வராத பட்சத்தில் இதே குறையை நிலைக்குழு உறுப்பினர்களிடம் எழுத்தில் கொடுக்கவும், குரல் வாக்கெடுப்பு நடந்தால் தங்கள் இருக்கையிலிருந்து டிவிஷன் கேட்கவும் வேண்டுகிறோம்.'

வெளிநடப்புக்காக வாதாடிய தம்பிதான் இதைத் தட்டச்சு செய்தான். மனுவோடு பதினொரு வீடுகளின் மூன்று வருட ஆலை ரசீதுகளை நகலெடுத்து இணைத்திருக்கிறோம். உரம், கவாத்து, பறிப்புக் கூலிக் கணக்கை அந்த அக்கா தன் நோட்டிலிருந்து மாதவாரியாக எழுதிக் கொடுத்தார். இன்னும் நான்கு வீட்டு ரசீது வர வேண்டியிருக்கிறது, வந்ததும் தபாலில் சேர்த்துவிடுவோம்.